மச்சான் இல்லை என்று சொன்ன தொப்பி

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். ஓசூரில் மருத்துவக் கருவி செய்கிற கம்பெனி எங்களுடையது. செய்த கருவியை விற்க ஒவ்வொரு நாட்டிலும் அனுமதி வாங்குவது எங்கள் பிரிவின் வேலை.

“மேடம், பழைய ஃபைலையெல்லாம் புது சாஃப்ட்வேர்ல ஏத்திட்டு இருக்கோம். மூளைத் தொப்பி ஃபைல்ல நீங்க எழுதின ஒரு வரியை மட்டும் அது எடுத்துக்கவே மாட்டேங்குது.”

“எந்த வரி?”

“நிகழ்வின் வகைங்கிற கட்டத்துல ‘பங்கேற்பாளர் கேலி செய்தார்’னு போட்டிருக்கீங்க. கருவிக் கோளாறு, பயன்பாட்டுப் பிழை, பக்க விளைவு, இப்பிடி ஏழு வகைதான் அதுல இருக்குது. கேலின்னு ஒண்ணு இல்ல மேடம். எதுல போடட்டும்?”

நான் சிரித்த சிரிப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்ற கணக்கே போய்விட்டது. என் வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக எழுந்து வந்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பிப் போனார். சிரிப்பு அடங்குவதாக இல்லை. “எதுலயும் போடாதே. அது என்னன்னு எழுதித் தர்றேன், படிச்சிட்டு நீயே முடிவு பண்ணு” என்று போனை வைத்தேன். நந்தினிக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. அன்று சாதம் குழைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரியில் வேதியியல் படித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கும் என்ற ஒரே ஆசையில் வேலைக்கு வந்தவள் நான். முதல் இரண்டு வருடம் தெர்மாமீட்டர் அட்டைப்பெட்டியில் என்ன அச்சிட வேண்டும் என்று சரிபார்த்தேன். அடுத்த பல வருடங்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. அனுமதி என்றால் ஒரு கையெழுத்து என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, அது இரண்டு பீரோ நிறையக் காகிதம் என்று புரிந்தது. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

பிறகு வந்தது தொப்பி.

ரப்பர் தொப்பி. அதில் அங்கங்கே ஓட்டை, ஓட்டைக்குள் சிறு சிறு மின்முனைகள், அவற்றுக்கும் தலைத்தோலுக்கும் நடுவே கொழகொழவென்று ஒரு பசை. கை கால் அசையாமல், வாய் பேச முடியாமல் படுத்திருப்பவர் அதைப் போட்டுக்கொண்டு வலது கையை மூடுவதாக மனதில் நினைத்தால் திரையில் ‘ஆம்’ என்று வரும். இடது கையை மூடுவதாக நினைத்தால் ‘இல்லை’. பழகிவிட்டால் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி வார்த்தை எழுதலாம், மணி அடித்து ஆளைக் கூப்பிடலாம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வந்து எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில் பாதி, இதற்கு எத்தனை பீரோ வேண்டுமோ என்ற பயத்தில் பாதி.

ஒரே தொப்பிதான். ஆனால் நாட்டுக்கு நாடு அது வேறு ஆளாகிவிடும். அமெரிக்காவில் எடுத்த எடுப்பில், “இதைப் போல ஏற்கெனவே எங்கள் சந்தையில் எது இருக்கிறது?” என்று கேட்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றால் தனி வழி, தனிப் படிவம். ஐரோப்பாவில் நேராக அரசாங்கத்திடம் போக முடியாது. அரசு அங்கீகரித்த தணிக்கை நிறுவனம் ஒன்று வந்து நம் வீட்டு உப்பு டப்பா வரைக்கும் திறந்து பார்க்கும். ஜப்பானிலிருந்து ஒற்றை வரியில் மிகவும் பணிவான கேள்வி வரும், அதற்குப் பதில் எழுத ஒரு வாரம் ஆகும். நம் டெல்லியில் ஆபத்தின் அளவைப் பார்த்து வகுப்புப் பிரிப்பார்கள், மனிதர்களிடம் சோதிப்பதற்கு முன் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு சம்மதிக்க வேண்டும் என்பார்கள். நாலு பேரும் கேட்பது நியாயம்தான். நாலு பேரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள், அதுதான் கஷ்டம்.

இந்த நாலு பேரையும் ஒருசேரக் கட்டி மேய்த்தவர் எங்கள் பிரிவுத் தலைவர் சத்தியநாதன் சார். காவேரிப்பட்டினத்துக்காரர். அவர் உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் படித்து நான் பார்த்ததில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய், கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் மெதுவாக வாய்விட்டுப் படிப்பார். பிடிக்காத வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதுவார்: ‘யாருக்கு?’ அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்று நமக்கே தெரியவில்லை என்றால் அதை எடுத்துவிட வேண்டும். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். சிரிப்பு வந்தால் சத்தமே வராது, இரண்டு தோளும் மட்டும் குலுங்கும். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் நாங்கள் எல்லாரும் அவர் தோளைப் பார்த்துத்தான் பேசுவோம்.

ஓசூர் மருத்துவமனை ஒன்றில் தொப்பியின் சோதனை ஆரம்பமானது. பங்கேற்பாளர்களில் ஒருவர் முனிராஜ். தளிப் பக்கத்துக்காரர், பிரஸ் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். மூளைத்தண்டில் ரத்தக் குழாய் அடைத்து, ஒரே நாளில் உடம்பு மொத்தமும் நின்றுபோனது. அறிவு அப்படியே இருந்தது. கண்ணை மேலும் கீழும் மட்டும் அசைப்பார். மேலே என்றால் ஆம், கீழே என்றால் இல்லை. ஆனால் அதற்கு யாராவது அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும். தொப்பி வந்த பிறகுதான் அவராக மணி அடித்து, அவராகப் பேச்சை ஆரம்பித்தார். அவர் முதன்முதலில் எழுதியது ‘ஃபேன்’. ஒரு வருடமாக அந்த ஃபேன் காற்று நேராக முகத்தில் அடித்து அவரைப் படுத்தியிருக்கிறது. அவர் மனைவி ரத்னம்மா ஃபேனை நிறுத்திவிட்டு அழுதாராம்.

ஆறு மாதம் முடிய பத்து நாள் இருக்கும்போது, முனிராஜ் வீட்டுக்கு நான் ஒரு காலி அட்டைப்பெட்டியுடன் போனேன். “எதுக்குங்க மேடம் பொட்டி?” என்று ரத்னம்மா கேட்டார். ஆய்வு முடிகிறது, அடுத்த வார வெள்ளிக்கிழமை கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். படிவத்தில் அப்படித்தான் இருந்தது.

அவர் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். “ஏங்க, அவரு வாயக் கழட்டி இதுல போட்டு எடுத்துக்கினு போறீங்களா?”

பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தேன். அலுவலகம் வந்து அந்த வரியைத் தேடினேன். ‘ஆய்வுக் காலம் முடிந்ததும் கருவி திரும்பப் பெறப்படும்.’ எழுதியது நான்தான். எழுதியது என்றுகூடச் சொல்ல முடியாது, ரத்த அழுத்தக் கருவியின் பழைய ஃபைலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன். ரத்த அழுத்தக் கருவியைத் திரும்ப வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் தொழிலில் எல்லாரும் பழைய ஃபைலிலிருந்துதான் புது ஃபைல் செய்கிறோம். கேள்வி கேட்டே பழகிய நாலு நாட்டுக்காரர்களும் அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் தாண்டிப் போயிருந்தார்கள்.

சத்தியநாதன் சாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஜன்னலுக்குப் போனார், வாய்விட்டுப் படித்தார், ‘யாருக்கு?’ என்று எழுதினார். குரல் தரையைத் தொட்டது. “ஏம்மா கோமதி, இது என் கண்ணுலயும் படல பாரு. திருத்தம் போடு. கருவி அவரு கிட்டயே இருக்கட்டும், பழுது பாக்கறது கம்பெனி பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்.”

திருத்தம் எழுத ஒரு நாள் போதும். ஆனால் அதற்குப் பங்கேற்பாளரின் சம்மதம் வேண்டும், அங்கேதான் நெறிமுறைக் குழு பிடித்துக்கொண்டது. தொப்பி சரியாகப் பேசுகிறதா என்று கண்டுபிடிக்கத்தானே ஆய்வு? அந்தத் தொப்பி சொல்வதை நம்பியே சம்மதம் வாங்கினால் எப்படி? கண்ணால் வாங்கலாமே என்றேன். குழுத் தலைவர் ஒரு வக்கீலம்மா. “சம்மதம் கொடுக்கறவருக்குக் கேள்வி கேக்கற உரிமை உண்டு. கண்ணால பதில் சொல்லலாம், கேள்வி கேக்க முடியுமா?” என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் ஒரு வழிமுறை உண்டானது. பதில் முன்பே தெரிந்த பன்னிரண்டு கேள்விகள். ஒரு மருத்துவர் முனிராஜின் கண்ணை மட்டும் பார்த்துத் தாளில் குறிப்பார், திரை அவருக்குத் தெரியாது. திரையின் பதில் இன்னொரு தாளில் தானாகப் பதியும். சரியான விடைகள் ஒட்டிய உறையில் இருக்கும். பன்னிரண்டும் சரியாக இருந்தால் தொப்பியின் பேச்சை ஏற்றுக்கொள்ளலாம். ஒன்று தவறினாலும் திருத்தம் ரத்து, வெள்ளிக்கிழமை பெட்டி. இந்தக் கடைசி வரியையும் எழுதியது நான்தான். ஒரு தடவை அசட்டையாக இருந்து மாட்டிக்கொண்டவள் அடுத்த தடவை தேவைக்கு மேல் கறாராக இருப்பாள். உலகத்தில் உள்ள எந்தத் தணிக்கையாளரும் கேட்காத கறார் அது.

புதன்கிழமை மருத்துவமனையில் எல்லாரும் கூடினோம். வக்கீலம்மாவும் குழு உறுப்பினர்களும் ஒரு பக்கம். அந்த வாரம் எங்கள் கம்பெனிக்குத் தணிக்கைக்கு வந்திருந்த ஹெல்கா என்ற ஐரோப்பியப் பெண்மணியும், குடும்பத்தாரின் அனுமதியோடு வந்து ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ரத்னம்மாவும் அவர் தம்பி நாகேஷும். நாகேஷ் கம்பெனி பஸ் ஓட்டுபவர். சுருள் சுருளாக நெற்றியில் விழுகிற முடி, அதைக் கோதிவிட்டுக்கொள்ளக் கையில் எப்போதும் ஒரு சின்ன சீப்பு. முனிராஜுக்கோ, பசை ஒட்டுவதற்காகத் தலையை மழித்துவிட்டிருந்தோம்.

கேள்விகளைப் படித்தது நான். நீங்கள் பெண்ணா? இல்லை. உங்கள் பெயர் முனிராஜா? ஆம். இது பெங்களூரா? இல்லை. பிரஸ்ஸில் வேலை செய்தீர்களா? ஆம். எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொன்றுக்கும் நான் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டதில் எனக்கே தலை சுற்றியது. பதினோராவது கேள்வி: இங்கே நிற்கிற நாகேஷ் உங்கள் மச்சானா?

திரையில் வந்தது: இல்லை.

விதிப்படி ஒரு கேள்வியை இன்னொரு தடவை கேட்கலாம். கேட்டேன். இல்லை.

ஹெல்கா குனிந்து ஏதோ எழுதினார். ரத்னம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். என் மனதில் அந்த அட்டைப்பெட்டி மட்டும்தான் இருந்தது. நான் எழுதிய ஒரு வரியைச் சரிசெய்யப் போய், நான் எழுதிய இன்னொரு வரியால் இந்த மனிதரின் பேச்சு போகப்போகிறது.

“கண்ணு தாளக் கொண்டாங்க” என்றார் சத்தியநாதன் சார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதினோராவது கேள்விக்குக் கண்ணும் இரண்டு தடவையும் ‘இல்லை’ என்றே சொல்லியிருந்தது. “பாத்தீங்களா? தொப்பி தப்பு பண்ணல. அவரு சொன்னதத்தான் சொல்லுது. பொய் சொல்லணும்னு நெனச்சாரு, பொய்ய அப்பிடியே கொண்டாந்து குடுத்திருக்குது. உண்மைய மட்டும் சொல்ற கருவியா இருந்தா, அது எப்பிடிங்க அவரோட பேச்சாகும்?”

அதை ஆங்கிலத்திலும் சொன்னார். ஹெல்கா லேசில் விடுகிற ஆள் இல்லை. அவர் பொய்தான் சொன்னார் என்பதற்கு என்ன ஆதாரம், மச்சானை மறந்தும் போயிருக்கலாம் அல்லவா, அப்படி மறந்திருந்தால் இவரால் சம்மதம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. கேள்வி இப்போது தொப்பியை விட்டு மனிதரின் புத்திக்கே போய்விட்டது.

அப்போதுதான் மணி அடித்தது. முனிராஜ் எழுத்துப் பலகையைக் கேட்கிறார்.

ஒவ்வொரு எழுத்துக்கும் பலகையில் வரிசை வரிசையாக விளக்கு நகரும், வேண்டிய இடத்தில் அவர் நிறுத்த வேண்டும். பத்து நிமிடம் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். மொ. ட். டை. பிறகு ஓர் இடைவெளி. எ. ப். போ.

“மொட்டை எப்போ” என்று வக்கீலம்மா வாய்விட்டுப் படித்தார். “என்னது இது?”

ரத்னம்மா முகத்தை மூடிக்கொண்டார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் சிரிப்பு. “சும்னிரி!”, சும்மா இருங்கள் என்று கணவரைக் கன்னடத்தில் ஓர் அதட்டு அதட்டிவிட்டு, எங்களிடம் திரும்பினார். “மேடம், எந்நேரத்துல என்னா வெளையாட்டு பாருங்க! இவரு படுத்துட்டப்ப, மாமா ஒரு வார்த்த பேசிட்டா மலைக்கோயில்ல மொட்ட அடிச்சிக்கறேன்னு இவன் வேண்டிக்கினான். ஆறு மாசமா அவரு பேசிக்கினுதான் இருக்காரு. இவன் சீப்ப விடல. அதான் மச்சானே இல்லங்கறாரு!”

எல்லார் கண்ணும் நாகேஷ் பக்கம் திரும்பியது. அவர் சீப்பைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். “இல்லக்கா, நான் வேண்டிக்கினது வாயால பேசறது. இது மிஷினு பேசறது. கணக்குல வராதே…”

சார் இதை மொழிபெயர்த்தார். மொட்டைக்கும் வேண்டுதலுக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. ஹெல்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, நாகேஷை நேராகப் பார்த்து, இது பேச்சு ஆகுமா ஆகாதா, உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். நாலு நாடுகள் இரண்டு பீரோ காகிதத்தில் விவாதித்துக்கொண்டிருந்த கேள்வி அது. அன்றைக்கு அதற்கு ஒரு பஸ் டிரைவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நாகேஷ் மாமாவைப் பார்த்தார். முனிராஜின் கண் அவர் மேலேயே இருந்தது. “பேச்சுதான் மேடம்” என்றார் நாகேஷ். “ஒத்துக்கறேன். எங்க மாமா இப்பிடித்தான் பேசுவாரு. எப்பவும் இப்பிடித்தான் என்னைய வம்புக்கு இழுப்பாரு.”

நான் சார் தோளைப் பார்த்தேன். இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. வெளியே ஓடிப்போய் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். நர்ஸ் ஒருத்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உள்ளே வந்தபோது, பன்னிரண்டாவது கேள்வியையும் சாரே கேட்டு முடித்திருந்தார். பதினோராவது கேள்வியைக் கணக்கிலிருந்து நீக்காமலே, இரண்டு தாளும் ஒத்துப்போகின்றன என்ற அடிப்படையில் குழு தொப்பியின் பேச்சை ஏற்றுக்கொண்டிருந்தது. ஹெல்கா ஆட்சேபிக்கவில்லை. மறுநாள் காலை நாகேஷ் மொட்டைத் தலையோடு கட்டிலருகில் நின்றார். முனிராஜ் திரையில் எழுதியது ஒரே சொல்: ‘மச்சான்’.

அந்த நிகழ்வை நாலு நாட்டுக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது, அந்தக் கதையை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். எந்த வகையிலும் அடங்காததால் ‘பங்கேற்பாளர் கேலி செய்தார்’ என்று நான் எழுதினேன். சார் ஜன்னலுக்குப் போய் வாய்விட்டுப் படித்தார், பென்சிலைத் தொடவில்லை. ஒரு நாட்டிலிருந்து, கேலியின் தீவிரம் லேசானதா, மிதமானதா, கடுமையானதா என்று கேட்டுக் கடிதம் வந்தது. இன்னொரு நாட்டிலிருந்து, இது மீண்டும் நிகழாமல் தடுக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று வந்தது. நடவடிக்கை எடுக்கும் எண்ணம் இல்லை என்று பதில் போட்டோம். கேலியால் யாருக்காவது பாதிப்பு உண்டா என்று மிகவும் பணிவாக ஒரு கேள்வி வந்தபோது, ‘மச்சானின் முடிக்கு மட்டும்’ என்று எழுதிக் கொண்டுபோனேன். சார் அதை அடித்துவிட்டார், ஆனால் தோள் குலுங்கியது.

வெள்ளிக்கிழமை முறைப்படி சம்மதம் வாங்க முனிராஜ் வீட்டுக்குப் போனேன். நான் போட்டுவிட்டு வந்த அட்டைப்பெட்டி இன்னும் அறையின் மூலையில் கிடந்தது. திருத்தப்பட்ட படிவம் பதினோரு பக்கம். முழுவதையும் பங்கேற்பாளருக்கு வாசித்துக் காட்டி, ‘புரிந்ததா?’ என்று கேட்க வேண்டும். வாசித்தேன், கேட்டேன்.

திரை சொன்னது: இல்லை.

இல்லை என்றால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி விளக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியது யார் என்று சொல்லவும் வேண்டுமா? மறுபடி பதினோரு பக்கம். புரிந்ததா? இல்லை. ரத்னம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மொட்டைத் தலை நாகேஷ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இது கேலி என்று எனக்குத் தெரியும், நான் மூன்றாவது தடவையும் வாசிப்பேன் என்று அவருக்கும் தெரியும். வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் தொண்டை கட்டி, பதினோராம் பக்கம் வெறும் காற்றாக வந்தது. புரிந்ததா?

ஆம்.

சம்மதம் கேட்பதற்கு முன் இன்னும் ஒன்று பாக்கி. “உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?” என்றேன் கரகரத்த குரலில். ஆம் என்று வந்தது. எழுத்துப் பலகையைத் திறந்தேன். விளக்கு நகர்ந்து நகர்ந்து நின்றது, நகர்ந்து நகர்ந்து நின்றது. நந்தினி, அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தை உன் சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டதா என்று பார். என் கையெழுத்தில் இப்படி இருக்கும்:

பங்கேற்பாளர் கேட்ட கேள்வி: தண்ணி வேணுமா.

அளிக்கப்பட்ட பதில்: வேணும்.